தேதி பார்க்காமல் வாங்கிய பேட்டரி

1.3.2024, வெள்ளி
காலையில் கார் மூன்று முறை முனகிவிட்டுத்தான் கிளம்பியது. சிரம்பான் டவுனில் என் வீட்டுக்காரரை டயாலிசிஸுக்கு விட்டுவிட்டு, காத்திருந்த நேரத்தில் பேட்டரியை மாற்றினேன். "பழசுதான், டெஸ்ட் பண்ணியாச்சுலா" என்றார் கடைக்காரர். மலிவு. வாங்கிவிட்டேன்.

வரும் வழியில் அவர் கேட்டார்: "மேல குத்தியிருக்கிற தேதியப் பாத்தியா, மோகனா?"

"பாத்தேன்."

பார்க்கவில்லை. ஏன் பொய் சொன்னேன்? திட்டுவார் என்றா?

3.3, ஞாயிறு
பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஐந்து வருடப் பழசு. கடை இன்று பூட்டு. நாளை டயாலிசிஸுக்குப் போய்வர மட்டும் ஓடட்டும்.

4.3, திங்கள்
ஓடவில்லை. சாவியைத் திருப்பினால் டிக், டிக் — அவ்வளவுதான். எங்கள் எஸ்டேட்டுக்குள் வர எந்த வாடகைக் காரும் சம்மதிக்கவில்லை. பக்கத்து வீட்டு நல்லசாமி அண்ணன் விடியுமுன்பே காரில் வேலைக்குப் போய்விட்டார். டயாலிசிஸ் சென்டரில் இனி புதன்கிழமைதான் இடம் உண்டாம்.

அவருக்குக் கால் வீங்குகிறது. விரலால் அமுக்கினால் பள்ளம் அப்படியே நிற்கிறது. "தண்ணி குடுக்கவா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். உடம்பில் தேங்கி நிற்பதே அந்தத் தண்ணீர்தான்.

5.3, செவ்வாய்
படுத்தால் அவருக்கு மூச்சு வரவில்லை. நல்லசாமி அண்ணன் வேலைக்குப் போகாமல் எங்களை ஏற்றிக்கொண்டு வந்தார். பாதி வழியில் உதடு நீலமாயிடுச்சு.

எமர்ஜென்சி பெஞ்சில் எழுதுகிறேன். கதவை மூடிவிட்டார்கள். நான்தான் — நான்தானே பண்ணேன். குனிஞ்சு ஒரு தேதியப் பாக்க எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?

6.3, புதன்
உயிர் இருக்கிறது.

8.3, வெள்ளி
வார்டில் சொல்லிவிட்டேன். "நான் அன்னிக்குத் தேதி பாக்கலங்க."

"தெரியும். பாத்திருந்தா எந்த மாசம்னு சொல்லியிருப்ப."

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "புதுசு வாங்கு. ஆல்டர்னேட்டரையும் பாக்கச் சொல்லு. அது சார்ஜ் ஏத்தலன்னா புதுசும் செத்துப்போகும்" என்றார். முகத்தைப் பார்க்காமலே.

11.3, திங்கள்
புது பேட்டரி. போன மாதத் தேதி. விரல் வைத்துப் படித்த பிறகுதான் பூட்டவிட்டேன். ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. அவரை நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

24.3, ஞாயிறு
பேட்டரி முனைகளைத் துடைத்து, கிளாம்பை இறுக்கினேன். "மைனஸை மொதல்ல கழட்டு" — வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதட்டுகிறார்.

5.4, வெள்ளி
டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில், மம்பாவ் ஊரைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஓட்டும்போது அவர் தூங்கியது இதுவே முதல் முறை.

ரேடியோவை அணைத்தேன்.