றஞ்சிதம் மாமி மறுபடியும் மைக்கின் முன்னால்

தாழ்வுபாடு,
உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்.

அன்பு மகள் டிலோஜினிக்கு,

மாதாவின் காவலில் அப்பாவும் அம்மாவும் சுகம், நீயும் மருமகனும் சின்னவளும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க தினமும் மன்றாடுகிறோம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்துவிட்டது, தம்பி றொசாந்தன் புது வலை வாங்கிவிட்டான். இந்தப் புதினச் செய்தியைப் போனில் சொன்னால் அம்மா இடையில் புகுந்து முடிவை முதலில் சொல்லிவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன். உன் றஞ்சிதம் மாமி பாடிவிட்டார்! கோயிலில் இல்லை மகள், வானொலிக்கு!

என் அக்கா பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போய் வானொலியில் மெல்லிசையும் இசை நாடகமும் பாடி, அங்கே எடுத்த ஒரு தமிழ்ப் படத்தில் கதாநாயகிக்கும் பாடியவர் என்பது உனக்குத் தெரியும். சென்னையிலிருந்து சினிமாவுக்குப் பாடக் கூப்பிட்டு, தலைமன்னாரில் கப்பலேற நாள் பார்த்திருந்த நேரம், அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல், கப்பல் போய்ச்சேரும் அக்கரைத் துறையையே கொண்டுபோய்விட்டது. அதோடு உன் அப்பப்பா அவரைக் கொழும்புக்கும் விடவில்லை. பிறகு கலியாணம், பிள்ளைகள், இடப்பெயர்வு. கோயில் பாட்டைத் தவிர வேறெதற்கும் அவர் வாய் திறக்கவில்லை.

நாற்பது நாள் தவக்காலம் தொடங்கின கிழமை, பழைய பாடகிகளைப் பற்றி வானொலி நிகழ்ச்சி செய்கிற அபிசா என்ற பிள்ளை கொழும்பிலிருந்து வந்து, அந்தப் படப் பாட்டை ஒருக்கால் பாடுங்கோ மாமி என்று கேட்டாள். தவக்காலத்தில சினிமாப் பாட்டு என்ர வாயில வராது பிள்ளை, உயிர்த்த ஞாயிறு முடிய வாங்கோ என்றுவிட்டார் அக்கா. எனக்குப் பகீரென்றது. எண்பத்திரண்டு வயது, நெஞ்சில் இழுப்பு, அதுவரை மூச்சு தாங்குமா? பங்குச் சுவாமியிடம் ஓடினேன். பாடலாம் என்று அவரே சொல்லியும், சுவாமி சொல்லுவார், எனக்கு மனம் கேக்காது என்கிறார் அக்கா! நான் எரிந்து விழுந்தேன், அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அபிசாதான் சிரித்தாள். எனக்கும் றமழான் நோன்பு மாமி, உங்கட மனம் விளங்குது, எல்லாம் முடிய வாறன் என்று வெறுங்கையோடு போனாள். இடையில் அக்காவுக்கு இழுப்பு கூடி ஆசுபத்திரியில் வைத்திருந்துதான் வீட்டுக்கு விட்டார்கள். இனிப் பாட்டு இல்லை என்று நான் கைவிட்டுவிட்டேன்.

நேற்று அபிசா வந்தாள் மகள்! ஒலிப்பதிவில் வேறு சத்தம் விழாமல் மின்விசிறியை நிறுத்தி, கோழிகளைக் கூடையால் மூடி, நான் றோட்டில் நின்று மோட்டார் சைக்கிள்காரரை எல்லாம் மறித்தேன், கருவாட்டுக்கு வந்த காகங்களைத்தான் மறிக்க முடியவில்லை. அக்கா கதிரையில் நிமிர்ந்திருந்து பாடினார். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் அதே குரல். நடுறோட்டில் நின்று அழுதேன், போனவன் வந்தவன் எல்லாம் பார்த்தான். அருமை மாமி, இது போதும் என்று அபிசாவும் கண்ணைத் துடைத்தாள். போதாது பிள்ளை, ரெண்டாம் சரணத்தில மூச்சு முந்திட்டுது, திரும்ப எடுப்பம் என்றார் அக்கா! மனம் நிறையும்வரை திரும்பத் திரும்ப எடுக்கவைத்துத்தான் அந்தப் பிள்ளையை விட்டார்.

வருகிற ஞாயிறு ஒலிபரப்பு, போனிலேயே கேட்கலாமாம், வேலை என்று மறந்துவிடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. உங்கள் மூவரையும் ஆண்டவர் தன் கைக்குள் வைத்திருப்பார். கேட்டபின் மாமிக்குப் போன் எடு, நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்லித் தப்பலாம் என்று நினைக்காதே, எந்த இடம் சரியில்லை என்றுதான் கேட்பார், அடுத்த பாட்டுக்குக் காலையிலிருந்து மூச்சுப் பிடித்துப் பழகுகிறார்.

என்றும் உன் அன்பு அப்பா,
வலன்ரைன்