என்ன குழம்பு?

ராயபுரம், 12-8-1953

அன்பு மனைவிக்கு,

நெடிய ஆலோசனைக்குப் பின் ஒரு முடிவெடுத்திருக்கிறேன். சோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது இனி 'வலிக்காது' என்று சொல்லமாட்டேன். யாரும் நம்புவதில்லை. 'இன்றைக்கு என்ன குழம்பு?' என்று கேட்டால், பதில் சொல்ல முகத்தைத் திருப்புவார்கள்; ஊசி இறங்கிவிடும்.

இன்று கல்மண்டபத்து ரசூல் பீவியிடம் கேட்டேன்.

"வவ்வா மீனு கொயம்பு. நீ இன்னா துன்னே, நைனா?"

"ஓட்டல்லதாம்மா."

"ஐய, பொஞ்சாதி எப்போ வருவா?"

அது எனக்குத் தெரியவில்லை. நீ எழுதினால், அடுத்த முறை பதில் சொல்ல வசதியாக இருக்கும். இப்போதைக்கு அந்த அம்மாவிடம் உன் ஊர், உன் அண்ணன் வீடு, உன் சமையல் என்று, நீ போன காரணத்தைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன்.

சொல்லி முடிப்பதற்குள், எடுத்த ரத்தம் குப்பிக்குப் போகாமல் கண்ணாடி ஊசிக்குழலிலேயே உறைந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு மறு கையிலும் குத்தினேன்.

இப்படிக்கு,
உன் கணவன்