உன் போனில் யாரும் கேட்காத குரல்

உன் போனின் ரப்பர் உறையில் இன்னும் புளி வாசம் அடிக்கிறது. சந்தைக்குப் புளி கொண்டுவரும் மலைச்சனம் அதே கையோடு வாங்கிப் பேசிய போன். காய்ச்சலில் நீ போய் நான்கு மாதம் ஆகிறது. நம் செல்போன் கடையைக் காலி செய்த அன்று உன் அத்தா இதை என்னிடம் நீட்டி, "இதுல இன்னா இருக்குதுன்னு உங்க ரெண்டு பேருக்குந்தான் தெரியும்" என்றார். நமக்கும் தெரியாது என்று அவரிடம் சொல்லவில்லை.

நேற்று இதைத் தேடி இரண்டு பேர் வந்தார்கள். சென்னைக்காரர்கள். சின்ன ஊர்களின் மறைந்திருக்கும் குணத்தைப் பற்றி பாட்காஸ்ட் நடத்துகிறார்களாம். டவர் கிடைக்காத கல்வராயன் மலைக்காரர்கள், வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு உன் வாட்ஸ்அப்பில்தான் பேசி அனுப்புவார்கள், பதிலும் அதில்தான் வரும் என்று டீக்கடையில் எவனோ உளறியிருக்கிறான். பிள்ளைகள் ஏன் வெளியூர் போகிறார்கள், மலைக்கு ஏன் டவர் இல்லை, அதைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது.

"ஓடிப்போன பொண்ணுங்க யாராச்சும் பேசியிருக்காங்களா ப்ரோ? செம எபிசோடா வரும்."

எடுத்த எடுப்பில் ஏன் அந்தக் கேள்வி? இவர்களை யார் அனுப்பியது?

"பேரெல்லாம் எடுத்துடுவோம் ப்ரோ."

"குரல இன்னா பண்ணுவீங்க?"

சிரித்து மழுப்பினார்கள். போன் என்னிடம் இல்லை என்று பொய் சொன்னேன்.

அந்த அம்மாவை நீ மறந்திருக்க மாட்டாய். மகள் சாதி மாறிக் கட்டிக்கொண்டு போனவள், தாய்மாமன்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். "நீங்க யாரும் கேக்க மாட்டீங்களே தம்பி?" என்றார். நீ போனை அவர் கையில் கொடுத்துவிட்டு என்னை நடுரோட்டுக்கு இழுத்து வந்தாய். உச்சி வெயில்.

"ஏன்டா, நம்ம கடைக்கு நாமளே வாட்ச்மேனா?" என்றேன்.

"கேட்டா தெரிஞ்சிடும். தெரிஞ்சா, எவனாவது நாலு அறை வுட்டான்னா சொல்லிடுவேன். மூடிக்கினு நில்லுடா."

கேட்க வேண்டியவர் கேட்டதும் அழித்துவிடுவாய். ஒன்று மட்டும் நீ போன பிறகு வந்தது. அந்த மகளுடையது. கடை மூடியதால் அம்மா இறங்கி வரவே இல்லை. அழித்தால் பாவம், வைத்திருந்தால் ஆபத்து.

இன்று காலை மலைக்குப் போகும் வெள்ளிமலை பஸ் ஏறினேன். பின்னால் வந்த ஒவ்வொரு பைக்கையும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் விசாரித்துப் போனபோது அம்மா முற்றத்தில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நீ இறந்ததைச் சொன்னதும் கை நின்றது. மகள் பேசி அனுப்பியிருக்கிறாள் என்றதும் போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். வெகுநேரம் கழித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"எங்கேருந்து பேசுதுன்னு கேட்டீங்களா?"

"இல்லீங்க."

"சத்தியமா?"

"சத்தியமாங்க."

என் முகத்தையே பார்த்தார். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஊர் அவரை அப்படி ஆக்கி வைத்திருக்கிறது. நான் கிளம்பும்போதுதான் கேட்டார்.

"கட இல்லியே. இனிமே நான் எங்க தம்பி பேசறது?"

"சந்தைக்கு வந்தா எங்க வூட்டுக்கு வாங்க."

வாயிலிருந்து வந்துவிட்டது. பஸ்ஸில் மலையிறங்கும்போதே பயம் பிடித்துக்கொண்டது, இதை எழுதும்போதும் விடவில்லை. தெருவில் ஏதாவது பைக் நின்றால் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். சிம் காலாவதியாகாமல் ரீசார்ஜ் செய்துவிட்டேன். போன் சார்ஜில் இருக்கிறது.