உப்பில்லாத கண்

மாமல்லபுரம்
14.8.2003

என் வீட்டுக்காரிக்கு, இறைவன் சாந்தியும், என்னைப் பொறுத்துக்கொள்ளக் கூடுதல் பொறுமையும் தருவானாக.

போனில் உனக்குச் சொன்னது பாதிதான். பிரிந்த விழித்திரையை ஒட்டவைத்து, கண்ணுக்குள் காற்றடைத்து, குப்புறவே கிடக்கச் சொல்லிவிட்டார்கள். ஐந்து வேளைத் தொழுகைக்கே டிமிக்கி கொடுத்தவன் நாள் முழுக்க நெற்றியைத் தரையில் வைத்திருப்பதைப் பார்த்துத் தெருவே பூரிக்கிறது. இந்த நிலையில் செய்ய முடிந்த ஒரே வேலை கடிதம் எழுதுவது.

போன வாரம் அந்தக் கண்ணில் பிரஷர் ஏறிவிட்டது. இருபதுக்குள் இருக்கவேண்டியது முப்பத்தெட்டு. சொட்டு மருந்து விடுகிறார்கள். இதைப் போய் என் தங்கை லத்தீஃபாவிடம் சொன்னேன் பார், அன்றிலிருந்து குழம்பில் உப்பில்லை, தட்டில் கருவாடில்லை.

"அடியே, பிரஷர் ரத்தத்துல இல்ல, கண்ணுல."

"கண்ணு இன்னா தனி வூட்லயா கீது அண்ணாத்த? பேசாம துன்னு."

நேற்று இருபத்தாறுக்கு இறங்கிவிட்டது. உப்பை நிறுத்தி அதை இறக்கியது தான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இன்னும் இறங்காவிட்டால் பார்வை நரம்பு என்னாகும் என்றும் டாக்டர் சொன்னார். அதை எழுதக் காகிதத்தில் இடமில்லை.

பச்சைப்பிள்ளைக்காரியை விட்டுவிட்டு நீ சிங்கப்பூரிலிருந்து ஓடிவரக் கூடாது. மகளுக்குப் பிரசவத்து நாற்பது நாள் கழித்துவிட்டு வா. முன்னாலேயே வந்தால் முகம் காட்டமாட்டேன்; குப்புறக் கிடப்பவனுக்கு அது சுலபம்.

இந்த வரியை மட்டும் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு எழுதுகிறேன். கோணலாகத்தான் போகிறது. ஆனால் போகிறது, பார்.

ஒன்றேகால் கண்ணோடு,
உன் வீட்டுக்காரன்