புது கிராபிக்ஸ் கார்டு தோற்ற காரணம்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. சாவி எதிர்வீட்டு அக்காவிடம். மன்னிப்புக் கேட்கத்தான் கதவில் இந்தச் சீட்டு என்று நினைத்தால், தப்பு.

நேற்று ஒரே கேமை இரண்டு கம்ப்யூட்டரிலும் ஓட்டினோம். என் பழைய கார்டில் வழுக்கிக்கொண்டு ஓடியது. உங்கள் புது கார்டில் திக்கித் திணறியது. உடனே உங்கள் தம்பி முன்னாலேயே, "கேமே சரியில்ல. நீ முதல்ல உன் ஓட்டை கார்டை வித்துத் தொலை" என்றீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

காலையில் உங்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கம் பார்த்தேன். மானிட்டர் கேபிளைப் புது கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கிறீர்கள். பாவம், படம் காட்ட வேண்டிய அந்தக் கார்டு வாங்கிய நாளிலிருந்து வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

நான் தொடவில்லை. சாயங்காலம் தம்பி வருவார். அவர் பார்க்க நீங்களே மாற்றிச் செருகுங்கள்.

மாற்றினால் உங்களுடையதுதான் ஜெயிக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் என் கட்டட வரைபடங்களை எல்லாம் முடித்துக் கொடுத்தது என் பழைய கார்டுதான். விற்க மாட்டேன்.

பி.கு.: கேபிளைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பியாயிற்று. அதனால் அவர் வருவதற்குள் ஓடிப்போய் மாற்ற வேண்டாம். ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்.