ஃபில்டருக்குத் தடவிய எண்ணெய்

10.6.2012, ஞாயிறு
நல்ல வெயில். ஒரகடம் ரோட்டு லாரிப் புழுதியில் காரின் காகித ஏர் ஃபில்டர் மாதம் ஒன்று அடைத்துப் போகிறது. இன்று சுடலை வந்து அதைக் கழற்றிவிட்டு, கழுவிக் கழுவிப் போடுகிற துணி ஃபில்டர் மாட்டினார். என் வீட்டுக்காரருடைய சிநேகிதர். தூத்துக்குடிப் பக்கம். கார் கம்பெனி லைனில் வேலை, சேரப்பணஞ்சேரியில் அறை. கூலி வாங்கவில்லை. மூன்று இட்லிக்கு மேல் சாப்பிடவும் இல்லை.
பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் தாளை அகராதி வைத்துப் படித்தேன். கழுவு, நிழலில் காயவை, எண்ணெய் தடவு. புரிந்தது.
கி.மீ. 61,240. டீசல் 20 லி.

22.7.2012, ஞாயிறு
ஆடிக் காற்று. கொடித் துணியெல்லாம் மண். சுடலை ஃபில்டரைக் கழுவி மாடிப்படி நிழலில் வைத்துவிட்டுப் போனார். அதற்கென்று உள்ள எண்ணெயை நாளை கொண்டுவந்து தடவி மாட்டுவாராம்.

23.7, திங்கள்
சுடலைக்குக் கம்பெனியில் ஓவர்டைம். போன் எடுக்கவில்லை. மாலை ஐந்து. இவர் தூக்கம். ஆறரைக்கு வண்டி கிளம்பியாக வேண்டும், ஷிப்டு ஆட்களை ஏற்ற. இன்னொரு முறை லேட் ஆனால் ஒப்பந்தத்திலிருந்து வண்டியை நிறுத்திவிடுவேன் என்று டிரான்ஸ்போர்ட்காரர் போன மாதமே சொல்லிவிட்டார்.
பூஜை அலமாரி விளக்கெண்ணெயை எடுத்து நானே தடவினேன். கெட்டி எண்ணெய், தூசு நன்றாக ஒட்டும் என்று நினைப்பு. தாராளமாகவே.
இவர் எழுந்து கேட்டார். சுடலை வந்து தடவிவிட்டுப் போனார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நான் தொட்டேன் என்றால் கத்துவார். அவ்வளவுதான்.
இவரே மாட்டிக்கொண்டு கிளம்பினார். முருகா, துணையிரு.

25.7, புதன்
டீசல் கணக்கு. லிட்டருக்கு 14 கி.மீ. ஓடிய வண்டி, இப்போது 10. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். 10தான்.
கரும்புகை, இழுவையே இல்லை என்கிறார் இவர். நேற்று மாலை பென்னலூர் தாண்டி நின்றே போனதாம். ஐந்து பேர், முக்கால் மணி லேட். காலையில் டிரான்ஸ்போர்ட்காரர் போன் வந்தது. இனி வண்டி வேண்டாம்.
இவர் சாப்பிடவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பால்காரர் மணி அடித்தார். அதோடு சரி.

26.7, வியாழன்
சுடலையைக் கூப்பிட்டு, உள்ளே வரச் சொல்லாமல் வாசலிலேயே நிற்கவைத்தார் இவர்.
"இன்னா எண்ணெய்டா தடவிக்கினு போன? உன்னிய நம்பித்தானே வண்டிய வுட்டேன்."
சுடலை திகைத்து என்னைப் பார்த்தார். பிறகு ஃபில்டரைக் கழற்றி முகர்ந்தார். மறுபடி ஒரு முறை. நான் கதவருகே, கையில் தண்ணீர்ச் சொம்பு.
"என் தப்புதான் அண்ணாச்சி. எண்ணெய மாத்திப் போட்டுட்டேன், கெட்டியாப் போயி காத்து அடைச்சிட்டு. பழைய காகித ஃபில்டரையே மாட்டிக்கிடுங்க."
இனி இந்தப் படி மிதிக்காதே என்றார் இவர்.
சொம்பை நீட்டினேன். வாங்கிக் குடித்தார். "வாரேன்க்கா." செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

27.7, இரண்டாவது ஆடி வெள்ளி
மேகமூட்டம். வீடு துடைத்தேன். பூ 2 முழம், எலுமிச்சம்பழம் 4, கற்பூரம் 1 பாக்கெட்.
காகித ஃபில்டர் மாட்டியாயிற்று. புகை இல்லை. வண்டி நன்றாக ஓடுகிறது. போக இடம்தான் இல்லை.
மணி ஏழு ஆகிறதே, இன்னும் ஏன் விளக்கேற்றவில்லை என்று இவர் கேட்டார்.
எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றேன்.
பாட்டிலில் பாதி இருக்கிறது.