எனக்குப் புரிகிற இங்கிலீஷ்

அந்த ஏசி அறையில் அடித்திருந்த செயற்கை மல்லிகை வாசனை இன்னும் என் சட்டையை விட்டுப் போகவில்லை, வே. நீர் டெல்லியை விட்டுப் போன பிறகு மகளை ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்தேன். பெற்றோர் வந்து பார்க்கலாம் என்றார்கள்; போனேன். எம்.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "ஐ ஆம் பேஷனேட்! ஐ ஆம் டைனமிக்!" என்று கைதட்டிக் கத்தவைத்துக்கொண்டிருந்தான் டை கட்டிய ஒருத்தன். அதையும் மூக்கால் சொல்லவேண்டுமாம்.

"அங்கிள்ஜி, கர் மே தமிழ் பந்த் கரோ. ஜீப் சாஃப் ஹோகி" என்றான் என்னிடம். வீட்டில் தமிழை நிறுத்தினால் நாக்கு சுத்தமாகுமாம். இத்தனை வருஷம் நான் என்ன, பிள்ளைக்குச் சாக்கடையையா ஊட்டினேன்?

நீரும் கல்லூரிப் பிள்ளைகளுக்குத்தான் இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுத்தீர், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் முன்னறையில். பத்தாம் வகுப்பைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய என்னை நடுவில் உட்காரவைத்தீர். "உமக்கு இங்கிலீஷ் வராதுல்லா? அதான் நீர் வேணும்" என்றீர். பிள்ளைகள் தாங்கள் படிப்பதை எனக்கு இங்கிலீஷில் விளக்கவேண்டும். விளங்காவிட்டால் நான் "நோ" சொல்லவேண்டும். என் மண்டைக்கு ஒரு உத்தியோகம் கொடுத்தவர் நீர் ஒருத்தர்தான்.

"சார், அவருக்குப் புரியலேன்னா நான் என்ன பண்றது?" என்று ஒருத்தி அழமாட்டாத குறையாகக் கேட்டாள்.

"அவருக்கு மூளை இருக்கு. நீ சொல்றதுலதான் விஷயத்தைக் காணோம். இன்னொரு தரம் சொல்லு" என்றீர்.

நாளைக்கு மகள் தன் ஆய்வைப் பற்றிப் பேராசிரியர்கள் முன் பேசவேண்டும். யமுனைத் தண்ணீரை வருஷம் முழுக்க அள்ளி அள்ளிச் சோதித்தவள். சாயங்காலம் ஒத்திகை பார்த்தாள். பேஷனேட் வந்தது, டைனமிக் வந்தது. தண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை.

"நோ" என்றேன்.

"சோடோப்பா, விடுங்க. உங்களுக்குப் புரியாது."

"புரியாதுதான். அதுக்குத்தானே உக்காந்திருக்கேன்? சொல்லு."

முறைத்தாள். பிறகு, மூக்கை விட்டுவிட்டு, தன் சொந்தக் குரலில் மெதுவாகச் சொன்னாள்: "த ரிவர் கேனாட் பிரீத் ஹியர். ஸோ த ஃபிஷ் டை."

ஆற்றுக்கு மூச்சு முட்டுகிறது, மீன் சாகிறது. எனக்கே விளங்கிவிட்டது, வே!

"ஒய்?" என்றேன்.

அவள் முகம் மாறியது. கத்தவில்லை, கைதட்டவில்லை. சொல்லிக்கொண்டே போனாள். பாதிதான் புரிந்தது. புரியாத இடத்திலெல்லாம் கூசாமல் "நோ" சொல்லி நிறுத்தினேன். உம்மிடம் நான் படித்தது அது ஒன்றுதான்.